கோரையேரிக்குப் போன வயர்மேன்

பாலக்கரையில் பிலோமின்ராஜ் வீடு எது என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. வயர்மேன் ராஜ் வீடு என்று கேட்டால், மாதா கோயிலுக்குப் பின்னால் மூன்றாவது சந்து, பச்சைக் கதவு என்று கை காட்டுவார்கள். அவர் வயரைத் தொட்டு நான்கு வருடம் ஆகிவிட்டது. பெயர் மட்டும் போகவில்லை.

முப்பது வருடம் அரியமங்கலத்துப் பட்டறைகளில் வேலை பார்த்தவர் அவர். மோட்டாருக்குக் காயில் சுற்றுவார், லேத்துக்கு லைன் இழுப்பார், எரிந்த பேனலைப் பிரித்து மறுபடி கட்டுவார். மனைவி அக்னஸ் பள்ளிக்கூடத்து டீச்சர். அக்னஸின் தம்பி பெனடிக்ட் அவரிடமே தொழில் கற்று அவரோடே பட்டறை பட்டறையாகச் சுற்றினான். இரண்டு பேரும் ஒரே டிவிஎஸ்ஸில் போய் ஒரே டிவிஎஸ்ஸில் திரும்புவார்கள்.

நான்கு வருடத்துக்கு முன்னால் ஒரு ஐப்பசி மாதம். நாலு நாளாக மழை. ஒரு சின்னப் பட்டறையில் பேனல் பெட்டி நனைந்து போயிருந்தது. பிலோமின்ராஜ் தன் கையால் மெயினை இறக்கினார். பெனடிக்ட் பேனலுக்குள் கைவிட்டு வேலையை ஆரம்பித்தான். "மச்சான், மழைக்கு ஒரு டீ வாங்கிட்டு வாங்களேன்" என்றான். அவர் தெருமுனைக்குப் போனார். அந்த ஐந்து நிமிடத்தில் யாரோ மெயினை ஏற்றிவிட்டார்கள். யார் என்று கடைசிவரை தெரியவில்லை. மழையில் போன கரண்டு வந்துவிட்டது என்று நினைத்து ஏற்றியிருக்கலாம். பிலோமின்ராஜ் இரண்டு டீ கிளாஸோடு உள்ளே நுழைந்தபோது பெனடிக்ட் கையில் வயரோடு தரையில் கிடந்தான், உயிர் இல்லை.

அவரை யாரும் குற்றம் சொல்லவில்லை. அக்னஸ் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்குப் பிறகு அவர் வீட்டில் பல்பு மாற்றுவதுகூட அக்னஸ்தான். ஃபியூஸ் போனால் அவள் ஸ்டூல் போட்டு ஏறுவாள். அவர் தெருவுக்குப் போய் நின்றுகொள்வார். ஒரு வருடம் சும்மா இருந்துவிட்டு, காந்தி மார்க்கெட் பக்கம் ஒரு எலக்ட்ரிக்கல் கடையில் கவுண்டர் வேலைக்குப் போனார். அட்டைப் பெட்டிக்குள் இருக்கும் சுவிட்சைக் கண்டு பயமில்லை.

அந்தச் சும்மா இருந்த வருடத்தில்தான் பறவைகள் வந்தன. நாள் முழுக்க மொட்டை மாடியில் உட்கார்ந்திருப்பார். கோயில் கோபுரத்தைச் சுற்றி உழவாரக் குருவிகள் மாலையில் கூட்டமாகக் கீச்சிட்டுப் பறக்கும். ஒருநாள் அக்னஸ் பள்ளிக்கூடத்திலிருந்து கூடவே ஒருத்தியை அழைத்து வந்தாள். உயிரியல் டீச்சர் வைஷ்ணவி. ஸ்ரீரங்கத்துப் பெண், முப்பத்தைந்து வயது இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் ஏரி ஏரியாகப் போய்ப் பறவை எண்ணும் சிறு குழு ஒன்றை நடத்திவந்தாள்.

மாடிக்கு வந்து நின்றவள் வானத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டாள். "எத்தனை இருக்கும் சார் அது?"

"எழுபத்தி மூணு" என்றார் பிலோமின்ராஜ்.

வைஷ்ணவி போனில் படம் எடுத்து, விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாள். எழுபத்துநான்கு. பறக்கும் கூட்டத்தில் ஒன்றுதான் தவறியிருந்தது. காயில் சுற்றுகிறவனுக்குக் கணக்குத் தவறினால் மோட்டார் எரிந்துவிடும். எண்ணி எண்ணிப் பழகிய கண் அது. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே அவள் அவரைக் கிளியூர் ஏரிக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டாள். கோயம்புத்தூரில் வேலையில் இருந்த மகள் பிரான்சி அப்பாவுக்கு ஒரு பைனாகுலர் அனுப்பினாள்.

மூன்றாவது வருட ஜனவரிப் பறவைக் கணக்கெடுப்பில் அவர்களுக்குக் கோரையேரி விழுந்தது. லால்குடியைத் தாண்டி உள்ளே போகவேண்டும். ஒரு பக்கம் கோரைப் புல் மண்டிய ஏரி, கரைக்கு அந்தப் பக்கம் அரை மைல் நீளத்துக்குப் புறம்போக்குப் புல்வெளி. இடுப்புயரம் புல் இருக்கும். அந்தப் புல்லுக்குள் குளிர்காலத்தில் பூனைப்பருந்துகள் வந்து தங்குகின்றன என்று போன வருடமே கேள்விப்பட்டிருந்தார்கள். வடக்கே பனி உறைந்த பெரிய புல்வெளிகளிலிருந்து வரும் பருந்து அது. மரத்தில் தூங்காது, தரையில்தான் தூங்கும். வெயில் ஏறுவதற்குள் எழுந்து போய்விடும். அதற்கு முன்னால் போய்ச் சேரவேண்டும்.

சனிக்கிழமை மாலைப் பூசையை முடித்துக்கொண்டார் பிலோமின்ராஜ். ஞாயிறு காலை நாலரைக்கு, குழுவைச் சேர்ந்த, தன் தெருவிலேயே இருக்கும் ரிஃபானாவை டிவிஎஸ்ஸில் ஏற்றிக்கொண்டு ஸ்ரீரங்கம் போனார். ரிஃபானா கல்லூரியில் புல் வகைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவள். பயம் என்பது தெரியாத பெண். மார்கழி கடைசி வாரம். உத்திர வீதியில் கோலம் போட்டுக்கொண்டிருந்தவர்களைச் சுற்றி ஓட்டி வைஷ்ணவி வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினார்.

"வாங்கோ சார். ஒரு வாய் காபி சாப்பிட்டுட்டுக் கிளம்பிடலாம்" என்றாள் வைஷ்ணவி. "பனி ஜாஸ்தியா இருக்கு. மெதுவாத்தான் ஓட்டணும்."

மூன்று பேரும் வைஷ்ணவியின் காரில் கிளம்பினார்கள். கொள்ளிடம் பாலத்தில் ஆறு தெரியவில்லை. லால்குடியைத் தாண்டியதும் முன்னால் போகும் லாரியின் சிவப்பு விளக்குகூடத் தெரியவில்லை. கோரையேரிக் கரையில் காரை நிறுத்தி இறங்கியபோது ஆறரை மணி. விடிந்திருந்தது, ஆனால் எதுவும் தெரியவில்லை. கை நீட்டினால் விரல் தெரியும், பத்தடி தள்ளி நிற்கும் ஆள் நிழலாகத் தெரிவார். ஏரிக்குள்ளிருந்து நாமக்கோழிகள் கத்துவது மட்டும் கேட்டது.

"வெளிச்சம் வரட்டுமே மேடம்" என்றார் பிலோமின்ராஜ்.

"வெளிச்சம் வந்தா அது போயிடும் சார். புல்லுக்குப் பக்கத்துல போய் உக்காந்துப்போம். பனி விலகறப்போ கண்ணு முன்னாடி எழும்பும்."

ரிஃபானா முன்னால் நடந்தாள். பின்னால் வைஷ்ணவி, கடைசியில் பிலோமின்ராஜ். புல்வெளியின் ஓரத்தில், மேய்ச்சலில் கட்டையாகிவிட்ட புல்லில் பனித்துளி கொட்டிக் கிடந்தது. நூறு அடி போவதற்குள் மூன்று பேருக்கும் ஷூ நனைந்து கால்விரல்கள் சில்லிட்டன. தரை சொதசொதவென்று இருந்தது.

முதலில் அவருக்கு ஒரு வாடை வந்தது. இறகு கருகிய வாடை. கோழியைத் தீயில் வாட்டும்போது வருமே, அது. ஊரில் யாரோ காலையிலேயே அடுப்பு மூட்டிவிட்டார்கள் என்று நினைத்தார். அடுத்தாற்போல் ஒரு சத்தம். மிகச் சின்ன சத்தம், சூடான தோசைக்கல்லில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் கேட்பது மாதிரி. விட்டு விட்டுக் கேட்டது.

"மயில்!" என்றாள் ரிஃபானா. "ஐயோ, செத்துக் கிடக்கு."

ஒரு பெண் மயில். காலை விறைத்து நீட்டிக்கொண்டு, கழுத்து மடங்கிக் கிடந்தது. ரிஃபானா அதை நோக்கி நடந்தாள். மயிலுக்குப் பக்கத்தில் ஒரு சாண் குச்சி நட்டிருப்பதைப் பிலோமின்ராஜ் பார்த்தார். குச்சியின் தலையில் சைக்கிள் டியூப் துண்டு சுற்றியிருந்தது. அதன் மேல் ஒரு மெல்லிய கட்டுக்கம்பி. மயில் விழுந்த கனத்தில் கம்பி தொய்ந்து ஈரப்புல்லில் பதிந்திருந்தது. பதிந்த இடத்தில்தான் அந்தச் சத்தம்.

காட்டுப் பன்றிக்கு வைத்த கரண்டுக் கம்பி.

கத்த வேண்டும் என்று அவருக்குத் தெரிந்தது. வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. அவருடைய இடது கை அவரைக் கேட்காமலே பேன்ட் பாக்கெட்டுக்குள் போய்விட்டது. இரண்டு கையும் பட்டால் கரண்டு நெஞ்சு வழியாகப் பாயும், பேனலுக்கு முன்னால் நிற்கும்போது ஒரு கை பாக்கெட்டில் இருக்க வேண்டும் என்று முப்பது வருடம் பழகிய கை. ரிஃபானா மயிலுக்கு ஐந்தடிக்குள் போய்க் குனியப் போனாள். பிலோமின்ராஜ் வலது கையிலிருந்த ஸ்டீல் தண்ணீர் பாட்டிலை அவள் மேல் விட்டெறிந்தார்.

பாட்டில் அவள் தோளில் போய் ணங்கென்று விழுந்தது.

"அங்கிள்! என்ன..."

அப்போதுதான் குரல் வந்தது. "நில்லு. அங்கயே நில்லு. காலைத் தூக்காத. கரண்டு."

ரிஃபானா அப்படியே நின்றாள். கீழே பார்த்தாள். கம்பியைப் பார்த்துவிட்டாள் என்பது குனிந்த தலை அசையாமல் நின்றதில் தெரிந்தது. பிறகு மெதுவாகச் சொன்னாள். "அங்கிள், கால் ஜிவ்வுங்குது. உள்ளங்கால்ல."

கம்பி ஈரத்தரையில் கிடந்தால் அதைத் தொட வேண்டியதே இல்லை. பக்கத்தில் காலை அகட்டி வைத்தால் போதும். ஒரு கால் வழியாக ஏறி மறு கால் வழியாக இறங்கும். இதை அவர் பெனடிக்டுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

"ரெண்டு காலையும் ஒட்டி வச்சுக்க. தூக்காத. தேச்சுத் தேச்சுப் பின்னால வா. ஒரு வெரக்கடை, ரெண்டு வெரக்கடை, அவ்வளவுதான். எங்கயும் கையை ஊனாத. விழுந்துடாதம்மா, விழுந்துடாத."

"யா அல்லாஹ்" என்று முணுமுணுத்துக்கொண்டே ரிஃபானா பின்னால் நகர்ந்தாள். ஐந்தடி வருவதற்கு அவளுக்கு எவ்வளவு நேரமானது என்று பிற்பாடு மூன்று பேரும் மூன்று விதமாகச் சொன்னார்கள். அவள் முதுகு தன் நெஞ்சில் வந்து இடித்ததும் பிலோமின்ராஜ் அவள் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"பெருமாளே" என்றாள் வைஷ்ணவி. "சார், இது எங்கேர்ந்து எதுவரைக்கும் போறது?"

அவர் இடது பக்கம் பார்த்தார். மூன்று குச்சிகள் தெரிந்தன, பிறகு பனி. வலது பக்கம் இரண்டு குச்சிகள், பிறகு பனி. கம்பி நேராகப் போகிறதா, எங்காவது மடங்கித் தங்களுக்குப் பின்னாலும் வருகிறதா, தெரியாது. முதல் ஆளாக நடந்தவள் தப்பியது தற்செயல். அடுத்த அடியை எங்கே வைப்பது?

"வந்த தடத்தைப் பாருங்க மேடம்" என்றார். பனி உதிர்ந்த இடத்தில் புல் கரும்பச்சையாக ஒரு கோடு போலத் தெரிந்தது. "அதுல மட்டும் கால் வச்சுத் திரும்பிப் போயிடலாம். தடத்தை விட்டு ஒரு இஞ்சு வெளிய வேணாம்."

திரும்பினார்கள். பத்தடிகூடப் போயிருக்க மாட்டார்கள். வலது பக்கம், பனிக்குள், மணிச் சத்தம் கேட்டது. ஒரு மணி, இரண்டு, பல மணிகள். ஆடுகள். புல்லைக் கடித்துக் கடித்து நடந்து வரும் சத்தம். அதோடு ஒரு பெண் குரல், ஹேய் ஹேய் என்று.

மணிச் சத்தம் கம்பி இருந்த பக்கமாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

"அம்மா! ஆட்ட நிறுத்துங்க!" என்று வைஷ்ணவி கத்தினாள். "கம்பி இருக்கு! கரண்டு!"

மணிகள் ஒரு நொடி நின்றன. "யாருடி அது?" என்றது குரல். "ஆடு திருடுற நாய்ங்களா? போன வாரம் ரெண்டு தூக்குனது பத்தாதா? வரேன் இரு!"

"திருடங்க இல்லீங்க! கம்பி கட்டியிருக்கு!" என்று பிலோமின்ராஜ் கத்தினார்.

"இங்க ஏதுடி கம்பி? பொறந்ததுலேருந்து மேய்க்கிறேன், எனக்குத் தெரியாத கம்பி?"

மணிகள் வேகமெடுத்தன. அவள் ஆடுகளை விரட்டிக்கொண்டு அவர்களைப் பிடிக்க வருகிறாள். பிறகு ஒரு ஆடு கத்தியது. கத்தல் பாதியில் அறுந்தது. அந்த ஒரு மணியின் சத்தமும் நின்றுவிட்டது.

"ஏய்! என்னாச்சு? என் ஆட்டுக்கு என்னாச்சு?" காலடிகள் ஓடின.

அவள் அந்த ஆட்டைத் தொடப் போகிறாள். பிலோமின்ராஜுக்கு அது கண்ணால் பார்ப்பது போலத் தெரிந்தது. விழுந்து கிடப்பதை ஓடிப்போய்த் தொடுவதுதான் மனுஷ சுபாவம். நான்கு வருடத்துக்கு முன்னால் அவரும் டீ கிளாஸைப் போட்டுவிட்டு ஓடினார். அன்று பட்டறைக்காரர் அவரைக் கட்டிப்பிடித்து நிறுத்தியிருக்காவிட்டால் அவரும் இல்லை.

அவர் தடத்தை விட்டு வெளியே ஓடினார்.

ஓடியது தைரியத்தால் அல்ல என்று அவர் பின்னால் பலமுறை சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு அடிக்கும், இந்த அடியில், இந்த அடியில் என்றுதான் மனசு எண்ணியது. கண்ணுக்கு முன்னால் வெள்ளையைத் தவிர ஒன்றுமில்லை. எங்கே கம்பி மடங்கியிருக்கிறதோ தெரியாது. வாய் அது பாட்டுக்கு மரியே, மரியே என்றது. ஆடுகள் அவர் முழங்காலில் இடித்துச் சிதறின. பனிக்குள்ளிருந்து ஒரு பெண் உருவம் குனிவது தெரிந்ததும், பின்னாலிருந்து பாய்ந்து அவள் கொண்டையையும் தோளையும் சேர்த்துப் பிடித்து இழுத்தார். இருவரும் பின்பக்கமாகச் சேற்றில் விழுந்தார்கள்.

அவள் பெயர் செல்லக்கிளி. ஐம்பது வயதுக்கு மேல். நல்ல பலசாலி. விழுந்த வேகத்திலேயே எழுந்து அவர் கன்னத்தில் இரண்டு அறை விட்டாள்.

"பொம்பள மேல கை வைக்கிறியா!"

"அடிங்க, நல்லா அடிங்க. ஆட்டை மட்டும் தொடாதீங்க" என்று அவர் அழுதுகொண்டே சொன்னார். தான் அழுவது அவருக்கே அப்போதுதான் தெரிந்தது. "தொட்டா செத்துருவீங்க தாயி. அந்தா பாருங்க, வாயில நுரை. அந்தா கம்பி."

செல்லக்கிளி பார்த்தாள். கையை இறக்கினாள். மற்ற ஆடுகள் செத்ததை மோந்து பார்க்க முண்டிக்கொண்டிருந்தன. அவள் நாக்கை மடித்து ஒரு சத்தம் கொடுத்தாள், ட்ரியோ ட்ரியோ என்று. ஆடுகள் அப்படியே திரும்பி அவள் காலடிக்கு வந்தன. வைஷ்ணவியும் ரிஃபானாவும் கைகோத்துக்கொண்டு அவருடைய தடத்திலேயே வந்து சேர்ந்தார்கள்.

"மேடம், மின்சாரத்துக்கு உள்ள அவசர நம்பருக்கு அடிங்க. போலீசுக்கும் அடிங்க. சிக்னல் இருக்கா?"

"ஒரு கோடு இருக்கு சார்."

"அவங்க வர ஒரு மணி நேரம் ஆகும். அதுக்குள்ள ஊர்லேருந்து வேற ஆடு மாடு வருமா தாயி?"

"ஏழு மணிக்கு எல்லாரும் ஓட்டிக்கிட்டு வருவாங்களே!" என்றாள் செல்லக்கிளி. அவள் குரலில் இப்போது கோபமில்லை. "என் மருமவ பச்சப்புள்ளையத் தூக்கிக்கிட்டு இந்த வழியாத்தானே வருவா."

மணி ஆறு ஐம்பது.

மூன்று பெண்களையும் ஆடுகளோடு அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டுப் பிலோமின்ராஜ் அண்ணாந்து பார்த்தார். கம்பிக்கு எங்கிருந்தோ கரண்டு வர வேண்டும். பனியில் உயரத்தில் ஒரு கறுப்புக் கோடு மங்கலாகத் தெரிந்தது. லைன். கீழே கம்பியைத் தேடாமல் மேலே லைனைப் பார்த்து, அதற்கு அடியில் செம்மண் வண்டித்தடத்திலேயே நடந்தார். ஒரு போஸ்ட் வந்தது. இன்னொரு போஸ்ட். மூன்றாவது போஸ்டுக்கு அடியில் ஒரு மோட்டார் கொட்டகை.

கொட்டகைக்குள் சாக்குமேல் ஒரு வயசாளி குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். பிலோமின்ராஜ் காலைத் தட்டி எழுப்பினார். காவல்காரர், தங்கையன் என்று பெயர்.

"பெரியவரே, கம்பியில ஆடு மாட்டிச் செத்துப் போச்சு. செல்லக்கிளின்னு ஒரு அம்மா. இன்னும் கொஞ்சத்துல அவங்களும் போயிருப்பாங்க."

தங்கையன் பதறி எழுந்தார். "செல்லக்கிளியா? எங்க பங்காளி வீட்டுப் பொண்ணுங்க அது! ஐயோ, கடலைக்குப் பன்னி வருதுன்னு பத்து நாளாத்தாங்க போடுறோம். தெனம் வெள்ளி முளைக்கறதுக்குள்ள எடுத்துருவேன். இன்னிக்குப் பனியில விடிஞ்சதே தெரியலைங்க." சொல்லிக்கொண்டே வெளியே ஓடி, கொட்டகை மேல் சாத்தியிருந்த நீள மூங்கிலைப் பிடிக்கப் போனார். அதைக்கொண்டுதான் தினமும் பன்றிக் கம்பியின் முனையில் கட்டி லைனில் மாட்டிய கொக்கியை எடுப்பாராம்.

"தொடாதீங்க!" என்று பிலோமின்ராஜ் அவர் கையைத் தட்டிவிட்டார். மூங்கிலிலிருந்து பனித்தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. "ராத்திரி பூரா நனைஞ்சிருக்கு. இதால கொக்கியைத் தொட்டா உங்க உடம்பு வழியாத்தான் எறங்கும்."

பெரியவர் மூங்கிலையும் லைனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

கொட்டகைக்குள் நீளமான ஒரு பிளாஸ்டிக் பைப் கிடந்தது, உலர்ந்தது. பிலோமின்ராஜ் அதை எடுத்துத் தன் சட்டையைக் கழற்றி உள்பக்கத்தால் இரண்டு முறை துடைத்தார். சாக்குகளை மடித்துப் போட்டு அதன் மேல் ஏறி நின்றார். பைப்பை மூன்று முறை உயர்த்தி மூன்று முறையும் இறக்கிவிட்டார். நெற்றி வியர்வை கண்ணில் இறங்கியது. முடியாது என்று பெரியவரிடம் சொல்லிவிடலாம் என்று திரும்பினார். கிழவர் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஊர்ப் பக்கத்திலிருந்து மாட்டுக் கழுத்து மணி கேட்க ஆரம்பித்தது.

நான்காவது முறை பைப் கொக்கிக்கு அடியில் போய் உட்கார்ந்தது. நீல நிறத்தில் படீரென்று ஒரு பொறி. கொக்கி கழன்று சாக்குக்கு அப்பால் விழுந்தது.

அவர் பைப்பாலேயே கொக்கியை இழுத்துக் கொட்டகைச் சுவரோரம் தள்ளினார். வைஷ்ணவிக்குப் போன் போட்டார். "எடுத்துட்டேன் மேடம். ஆனா யாரும் கம்பியத் தொடாதீங்க. ஆட்டையும் தொடாதீங்க. நான் சொல்ற வரைக்கும்." பிறகு கொக்கிக்குப் பக்கத்தில், பைப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"வாங்க, செல்லக்கிளிய ஒரு எட்டுப் பாத்துட்டு வந்துரலாம்" என்றார் தங்கையன்.

"நீங்க போங்க. நான் இதை விட்டு வர மாட்டேன்."

"இங்க யாருங்க இருக்கா?"

"யாராச்சும் வருவாங்க."

வரத்தான் செய்தார். அரைமணி நேரத்தில் புல்லட்டில் ஒருவர் வந்து இறங்கினார். நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தவர். வெள்ளைச் சட்டை, கழுத்தில் மப்ளர். சட்டையில்லாமல் சேறு பூசி உட்கார்ந்திருந்தவரைப் பார்த்து, "யார்றா நீ? என் கொட்டகையில உனக்கு என்ன வேலை?" என்றார்.

பிலோமின்ராஜுக்குக் குளிரில் பல் தந்தியடித்தது. "கரண்டுக்காரங்களும் போலீசும் வராங்க. அதுவரைக்கும் இருப்பேங்க."

"பன்னி வந்து எழுபது சென்ட் கடலையத் தோண்டிட்டுப் போயிருக்கு. நீ வந்து காவல் காப்பியா? எந்திரி." அவர் குனிந்து கொக்கியை எடுக்கக் கை நீட்டினார். லைனில் மாட்டப் போகிறாரா, ஒளித்துவைக்கப் போகிறாரா, தெரியாது.

பிலோமின்ராஜ் நகர்ந்து கொக்கியின் மேலேயே உட்கார்ந்துகொண்டார். "அடிக்கிறதுன்னா அடிங்க சார். காலைலேருந்து வாங்கிட்டுத்தான் இருக்கேன். அங்க மூணு பொம்பளைங்க கம்பிகிட்ட நிக்கிறாங்க. நான் எந்திரிக்க மாட்டேன்."

அந்த மனிதர் காலால் பைப்பை எட்டி உதைத்தார். பைப் தள்ளிப் போய் விழுந்தது. காலரைப் பிடிக்கக் கை போனது, சட்டை இல்லாததால் தோளைப் பிடித்து உலுக்கினார். பிலோமின்ராஜ் கண்ணை மூடிக்கொண்டார். அப்போது தங்கையனோடு ஊர்க்காரர்கள் ஏழெட்டுப் பேர் வந்துவிட்டார்கள். அவர்களுக்கு முன்னால் செல்லக்கிளி. அந்த வெள்ளைச் சட்டைக்காரரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் கையை எடுத்துவிட்டு யாருக்கோ போன் பேசப் போனார்.

மின்சாரத்துறை ஆட்கள் வர எட்டேகால் ஆனது. அவர்கள் போஸ்டில் ஏறி லைனைத் தனியாகப் பிரித்துவிட்டு, கம்பியைச் சுருட்டத் தொடங்கிய பிறகுதான் பிலோமின்ராஜ் எழுந்தார். கால் மரத்துப்போயிருந்தது. இரண்டு பேர் பிடித்து நிறுத்தினார்கள். பனி விலகியபோது கம்பி எங்கே போயிருந்தது என்று தெரிந்தது. கடலைக் கொல்லையைச் சுற்றி வந்து, வண்டித்தடத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு மூலையில் மடங்கியிருந்தது. செல்லக்கிளியைப் பிடிக்க அவர் ஓடிய வழிக்கு அந்த மூலை நாலடி தூரம்.

அன்று பருந்து எதையும் யாரும் பார்க்கவில்லை. கணக்கெடுப்புத் தாளில் கோரையேரிக்கு நேராக வைஷ்ணவி எதுவும் எழுதாமல் விட்டாள்.

போலீஸ் வழக்குப் போட்டது. தங்கையனை இரண்டு நாள் ஸ்டேஷனில் வைத்திருந்தார்கள். குத்தகைக்காரர் ஒரே நாளில் ஜாமீனில் வந்துவிட்டார். இது பிலோமின்ராஜுக்குப் பிடிக்கவில்லை. லால்குடிக்குச் சாட்சி சொல்லப் போனபோது, கிழவர் தானே கொக்கியை எடுக்கப் போனார், நனைந்த மூங்கில் என்பதால் நான்தான் தடுத்தேன் என்பதையும் எழுதிக்கொள்ளச் சொல்லி அடம்பிடித்தார். எழுதிக்கொண்டார்கள்.

கோரையேரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்றே அவருக்கு ஜுரம் வந்தது. மூன்று நாள் கடைக்குப் போகவில்லை. ஃபிரிட்ஜ் ஓடும் சத்தம் கேட்டால்கூடத் திடுக்கிட்டார். நான்காம் நாள் சாயங்காலம் அக்னஸ் கஞ்சி கொண்டுவந்து வைத்தபோது, நடந்தது முழுவதையும் அவளிடம் சொன்னார். கொக்கியை விட்டு எழுந்து வராமல் உட்கார்ந்திருந்ததைக் கடைசியாகச் சொன்னார்.

"அன்னிக்கு மெயின்கிட்ட நான் இப்படி உக்காந்திருக்கணும் அக்னஸ்" என்றார்.

நான்கு வருடத்தில் அந்தப் பேச்சு அந்த வீட்டில் எழுந்தது அதுதான் முதல் தடவை.

"நீங்க டீ வாங்கப் போனீங்கன்னு நான் ஒருநாளும் கோவப்பட்டதில்ல" என்றாள் அக்னஸ். "ஆனா ஒரு அட்டையில ஆள் வேலை செய்யுதுன்னு எழுதி மாட்டிட்டுப் போயிருக்கலாமேன்னு நெனச்சிருக்கேன். பொய் சொல்ல மாட்டேன். தெனமும் நெனச்சிருக்கேன்."

"நானுந்தான்."

"தெரியும்." அவள் கஞ்சிக் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினாள். "ஆறிப் போகுது, குடிங்க." அன்றிரவு அவள் தன் தம்பியின் போட்டோவை அலமாரியிலிருந்து எடுத்து ஹாலில் மாட்டினாள். ஆணி அடித்தது அவர்.

பிப்ரவரி கடைசியில் வைஷ்ணவி மறுபடி கூப்பிட்டாள். இந்த முறை மாலை நேரம். பருந்துகள் அடைய வரும்போது எண்ணலாம், பனி கிடையாது, கம்பி கிடையாது, செல்லக்கிளியே கூட நடந்து வழிகாட்டுவாள் என்றாள். பிலோமின்ராஜ் வருகிறேன் என்றார். ஏரிக்கரை வரை போனார். புல்லில் கால் வைக்கவில்லை. இரண்டு தடவை இறங்கப் பார்த்தார், ரிஃபானா அன்று சொன்ன அந்த ஜிவ்வென்ற உணர்ச்சி அவர் காலில் வந்தது. தரை காய்ந்துதான் கிடந்தது. அவருக்கும் அது தெரியும்.

"நான் இங்கேருந்தே எண்ணுறேன் மேடம்" என்றார்.

யாரும் வற்புறுத்தவில்லை. செல்லக்கிளி ஒரு நீளக் குச்சியால் முன்னால் தட்டித் தட்டி நடக்க, வைஷ்ணவியும் ரிஃபானாவும் பின்னால் போனார்கள். வெயில் சாய்ந்தது. மேற்கிலிருந்து, இறக்கையை மேல் நோக்கி விரித்தபடி, தாழ்வாக, புல்லைத் தடவிக்கொண்டு முதல் பருந்து வந்தது. பிறகு இரண்டு. பிறகு தொடர்ந்து வந்துகொண்டேயிருந்தன. ரிஃபானா சந்தோஷத்தில் குதிப்பது கரையிலிருந்தே தெரிந்தது.

இருட்டும் நேரத்தில் அவர்கள் திரும்பி வந்தார்கள். வைஷ்ணவி பேனாவைத் திறந்து, "எங்க கணக்குல பத்தொம்பது. உங்களோடது எத்தனை சார்?" என்று கேட்டாள்.

பிலோமின்ராஜ் பைனாகுலரைக் கழுத்திலிருந்து கழற்றினார். "நான் எண்ணலைங்க மேடம். பருந்தையே பாக்கலை. உங்க மூணு பேரு காலைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

செல்லக்கிளி சிரித்துவிட்டாள். வைஷ்ணவி சிரிக்கவில்லை. தாளில் பத்தொன்பது என்று எழுதி, எண்ணியவர்கள் என்ற இடத்தில் நான்கு பெயர்களையும் எழுதினாள். காரில் ஏறும்போது செல்லக்கிளி ஒரு தூக்குவாளியில் ஆட்டுப்பால் கொடுத்தாள். ஸ்ரீரங்கம் வந்து சேரும்வரை அது சிந்தாமல் பிலோமின்ராஜ் மடியில் பிடித்துக்கொண்டு வந்தார்.